எம்பிப் பிடிக்கும் பந்து: ஜார்லத் பர்ன்ஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில் பந்து கோல் பக்கத்துக் கோட்டைத் தாண்டிப் போனதும் கோல்கீப்பர் அதை மறுபடி ஆட்டத்துக்குள் உதைத்தனுப்புவார். அதற்குப் பெயர் கிக்-அவுட். ஒரு காலத்தில் அந்த உதை நீளமாக, உயரமாக, நேரே நடுக்களத்துக்கு வரும். நாலு பேர் எம்புவார்கள், ஒருவர் கையில் பந்து ஒட்டிக்கொள்ளும். முழங்கை விலாவில் இடிக்க, தோளில் ஒருவன் தொங்க, விரல் நுனியில் பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே வருவதுதான் நடுக்கள வீரனின் அடையாளம். 2010களில் அந்தக் காட்சி ஏறக்குறைய காணாமல் போனது. அதைத் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சிகள் ஏன் தோற்றன, கடைசியில் ஒன்று மட்டும் ஏன் நிலைத்தது என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கை வழியாகப் பார்ப்பதே இங்கே நோக்கம். அவர் ஜார்லத் பர்ன்ஸ்: அர்மா கவுன்ட்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நடுக்கள வீரர், பள்ளித் தலைமையாசிரியர், 2024 முதல் கேலிக் அத்லெட்டிக் சங்கத்தின் தலைவர்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு நாலு வரி. ஓர் அணிக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். கோல் கம்பம் ஆங்கில எச் வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் கோல், அதற்கு மூன்று புள்ளி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் நாலு காலடிக்குள் ஒருமுறை தரையில் தட்ட வேண்டும், அல்லது காலில் விட்டு மேலே உதைத்துக் கைக்கு வாங்க வேண்டும். இரண்டாவது வகைக்கு 'சோலோ' என்று பெயர். பந்தை மற்றவருக்குக் கையால் தட்டிக் கொடுக்கலாம், உதைத்தும் கொடுக்கலாம். ஸ்கோரில் 1-11 என்று இருந்தால் ஒரு கோல், 11 புள்ளி, கூட்டினால் 14. யாருக்கும் சம்பளம் கிடையாது. 82,300 பேர் அமரும் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதிப் போட்டி ஆடியவர் மறுநாளோ மறுவாரமோ தன் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

பர்ன்ஸின் ஊர் சில்வர்பிரிட்ஜ். வட அயர்லாந்தின் தென் அர்மாவில், எல்லைக் கோட்டை ஒட்டிய கிராமம். அவர் வளர்ந்த காலம் கலவர காலம். பக்கத்து ஊரான கிராஸ்மக்லனில் கிளப் மைதானத்தின் ஒரு பகுதியையே பிரிட்டிஷ் ராணுவம் முகாமுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. அவர் பின்னாளில் தலைமையாசிரியராக இருந்த பெஸ்புரூக்கின் கதை இன்னும் விசித்திரம். லினன் ஆலைக்காக 19-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் முதலாளி ஒருவர் கட்டிய மாதிரிக் கிராமம் அது. மதுக்கடை கிடையாது, அடகுக்கடை கிடையாது. அந்த இரண்டும் இல்லாத ஊருக்குக் காவல் நிலையமும் தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. நூறு ஆண்டுக்குப் பின் அதே ஆலைக் கட்டடம் ராணுவத்தின் ஹெலிகாப்டர் தளமாகி, நாளெல்லாம் இரைச்சலில் கிடந்தது. இப்படிப்பட்ட ஊரில் கேலிக் கிளப் என்பது விளையாட்டுக் குழுவாக மட்டும் இருக்க முடியாது. சங்கத்தின் விதிகளிலும் அந்தக் காலத்தின் சாயல் இருந்தது: பிரிட்டிஷ் பாதுகாப்புப் படையினர் உறுப்பினராகக் கூடாது என்ற 21-ஆம் விதி 2001 நவம்பரில்தான் நீக்கப்பட்டது.

வீரராக அவர் உச்சம் தொட்டது ஒரே ஒரு கோடையில். 1982-க்குப் பிறகு அர்மா அல்ஸ்டர் மாகாணப் பட்டத்தை வென்றதில்லை. பிரையன் கனவன், பிரையன் மெக்கலிண்டன் என்ற இரண்டு பிரையன்கள் சேர்ந்து பயிற்சி கொடுத்த அணி, 1999 ஆகஸ்ட் 1-ஆம் தேதி குளோனிஸ் நகரில் டவுன் அணியை 3-12, 0-10 என்று நொறுக்கியது. ஒஷீன் மெக்கான்வில் மட்டும் 2-7 அடித்தார். கோப்பையை உயர்த்திய கேப்டன் பர்ன்ஸ். அகில அயர்லாந்து அரையிறுதியில் மீத் அணியிடம் தோற்றதோடு அவர் கவுன்ட்டி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார். மூன்றே ஆண்டில், 2002-இல், அதே அணியின் பெரும்பகுதி கீரன் மெக்கீனியின் தலைமையில் கெர்ரியை 1-12, 0-14 என்று வென்று அர்மாவின் முதல் அகில அயர்லாந்துப் பட்டத்தை எடுத்தது. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். நடுக்களத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்டு எம்பிக் குதித்த முழங்கால்களுக்கு அந்தக் கணக்கு வேறு.

அதன் பிறகு பி.பி.சி. வட அயர்லாந்துத் தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகர், சொந்தக் கிளப்பில் செயலாளர், 2009-இல் சங்கத்தின் 125-ஆவது ஆண்டு விழாக் குழுவின் தலைவர். இவற்றில் வெளியாட்கள் கண்ணில் படாதது கிளப் செயலாளர் வேலை. ஆனால் இந்த ஆய்வுக்கு முக்கியமானது அதுதான். உறுப்பினர் பதிவு, போட்டித் தேதிகள், இழுபறிகள், மேலிடத்துக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் அவர் மேசையில்தான் விழும். விதி மாற்றம் பிறப்பதும் அங்கேதான். கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறும், கவுன்ட்டி மாநாட்டுக்குப் போகும், அங்கே தேறினால் பிப்ரவரியில் கூடும் சங்கத்தின் பேரவைக்கு வரும். பேரவையில் சாதாரணப் பெரும்பான்மை போதாது. முன்பு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், இப்போது 60 சதவீதம். நல்ல யோசனை என்பதற்காக மட்டும் எதுவும் இதில் தேறுவதில்லை. எதிர்ப்பவர்கள் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் இருந்தாலே எதையும் நிறுத்திவிடலாம் என்பதுதான் பல பத்தாண்டுகளாக நிலவரமாக இருந்தது.

நோய் என்ன

2011 ஆகஸ்டில் டப்ளினும் டோனகாலும் ஆடிய அரையிறுதியை எடுத்துக்கொள்வோம். டோனகால் 13, 14 பேரைப் பந்துக்குப் பின்னால் நிறுத்தியது. முடிவு 0-8, 0-6. எழுபது நிமிட ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து 14 புள்ளி. தோற்றது டோனகால்தான், ஆனால் அதன் கோச் ஜிம் மெக்கினஸ் அடுத்த ஆண்டே அந்த அடிப்படையில் பட்டம் வென்றார். எல்லோரும் பின்பற்றினார்கள். பந்து பறிபோனதும் அணி மொத்தமும் தன் 45 மீட்டர் கோட்டுக்குள் ஓடி ஒளியும். எதிரணி அந்த மதிலுக்கு வெளியே பக்கவாட்டாகக் கையால் தட்டித் தட்டி, எப்போது விரிசல் விழும் என்று நிமிடக்கணக்கில் காத்திருக்கும்.

கிக்-அவுட்டும் அதோடு மாறியது. பந்தை உயரே அனுப்பினால் யாருக்குக் கிடைக்கும் என்பது பாதிக்குப் பாதி. கோல்கீப்பர் பக்கத்தில் காலியாக நிற்கும் தடுப்பு வீரரிடம் பத்து மீட்டரில் தட்டிவிட்டால் பந்து நிச்சயம் நம்முடையது. டப்ளினின் ஸ்டீபன் கிளக்ஸ்டன் இந்தக் கலையை வேறு உயரத்துக்கு எடுத்துப்போனார். குட்டை உதையாகட்டும், ஓடிவரும் ஆளின் மார்புக்கு நேரே போகும் நடுத்தர உதையாகட்டும், அவர் வைத்த இடத்தில் விழும். அவரை ஒன்பது அகில அயர்லாந்துப் பதக்கம் வரை கொண்டுபோனதில் அந்தக் காலுக்குப் பெரும்பங்கு உண்டு. நடுக்களத்தில் எம்புவதற்குப் பந்தே வரவில்லை.

ஒற்றை மருந்துகள்

முதல் மருந்து கறுப்பு அட்டை. யூஜின் மெக்கீ தலைமையிலான குழு பரிந்துரைத்து, 2013 பேரவையில் தேறி, 2014-இல் நடைமுறைக்கு வந்தது. வேண்டுமென்றே இழுத்துத் தள்ளுபவரை வெளியேற்றி மாற்று ஆளை இறக்கும் விதி. 2020-இல் அது பத்து நிமிடம் ஒரு ஆள் குறைவாக ஆடும் தண்டனையாக மாறியது. தவறு செய்தவனைத் தண்டித்ததே தவிர, பின்னால் ஓடி ஒளிவது தவறே அல்லவே.

இரண்டாவது மருந்து பர்ன்ஸுடையது. ஆட்ட விதிகளுக்கான நிலைக்குழுவின் தலைவராக அவர் கொண்டுவந்தது 'மார்க்'. கிக்-அவுட் 45 மீட்டர் கோட்டைத் தாண்டி வந்து, அதைத் தரையில் விடாமல் ஒருவர் சுத்தமாகப் பிடித்தால், யாரும் இடைமறிக்காத ஃப்ரீ கிக் அவருக்கு. பிடித்தவரை நாலு பேர் சூழ்ந்து அமுக்கி, அதிக அடி நடந்தான் என்று அவர் மேலேயே தவறு விழும் அநியாயம் இதனால் நிற்கும். யோசனை புதிதல்ல. 2010 லீக்கில் சோதித்துப் பார்த்துப் பேரவை தள்ளிவிட்ட விஷயம்தான். 2016-இல் கார்லோவில் கூடிய பேரவையில் மூன்றில் இரண்டு பங்கை மயிரிழையில் தாண்டி, 2017 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

என்ன ஆயிற்று? பிடித்தால் பரிசு உண்டு என்றானதும், எதிரணியில் நல்ல பிடிகாரர் இருந்தால் கோல்கீப்பர்கள் இன்னும் குட்டையாக உதைத்தார்கள். பரிசு கொடுத்தால் எல்லோரும் போட்டிக்கு வருவார்கள் என்பது கணக்கு. போட்டியே நடக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதி மறுபக்கத்தின் கையில் இருந்ததை விதி தொடவில்லை. மார்க் தவறான விதி என்று சொல்ல மாட்டோம். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்துச் சுவரை இடிக்க மறந்த விதி அது. பிறகு 2019-இல் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கையால் தட்டக் கூடாது என்று ஜனவரிப் போட்டிகளில் சோதித்தார்கள். கோச்கள் கொதித்தார்கள், லீக் தொடங்குமுன்பே கைவிடப்பட்டது.

2020-இல் பர்ன்ஸ் தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். நியூயார்க்கிலிருந்து வந்த லாரி மெக்கார்த்தி வென்றார். 2023-இல் பர்ன்ஸ் மறுபடி நின்று வென்றார். வென்ற பிறகு ஓராண்டு 'வருங்காலத் தலைவர்', பிறகு மூன்று ஆண்டு தலைவர் என்பது சங்கத்தின் முறை. 2024 பிப்ரவரியில் சொந்த ஊர்ப்பக்கமான நியூரியில் கூடிய பேரவையில் பொறுப்பேற்றார். அதே கவுன்ட்டியிலிருந்து முன்பு தலைவராக இருந்த ஆல்ஃப் மர்ரியும் (1964 முதல் 1967 வரை) கால்பந்து வீரர், ஆசிரியர். கேலிக் சங்கத்தில் இது தற்செயல் அல்ல. கோடை விடுமுறை உள்ள வேலை, எழுதப் படிக்கத் தெரிந்த கை, நூறு பேருக்கு முன் பேசிப் பழகிய தொண்டை என்று கிளப்பு செயலாளரில் தொடங்கி மேலே போகத் தேவையானதெல்லாம் பள்ளி வாத்தியாரிடம் இருந்தது.

கூட்டு மருந்து

பதவிக்கு வந்த கையோடு பர்ன்ஸ் செய்தது கால்பந்து மறுஆய்வுக் குழு அமைத்தது. தலைவர் ஜிம் கேவின். டப்ளினுக்கு ஆறு பட்டம், அதில் 2015 முதல் 2019 வரை ஐந்து தொடர்ச்சியாக, வென்று கொடுத்த கோச். கிளக்ஸ்டனின் கிக்-அவுட்டை அணியின் ஆயுதமாக்கியவர் இவரேதான். பூட்டை உடைக்க, பூட்டுச் செய்தவரையே கூப்பிட்ட மாதிரி. விமானப் படையில் விமானியாக இருந்து பிறகு விமானப் போக்குவரத்துத் துறைக்குப் போனவர், அதனால் சரிபார்ப்புப் பட்டியலும் சோதனை ஓட்டமும் அவர் ரத்தத்தில் ஊறியவை. குழுவில் கெர்ரியின் எமன் ஃபிட்ஸ்மாரிஸ், மேயோவின் ஜேம்ஸ் ஹோரன், மொனஹனை வளர்த்த மலாக்கி ஓரூர்க், டோனகாலின் மைக்கேல் மர்ஃபி ஆகியோரும் இருந்தார்கள். விதியை ஏமாற்றியே பிழைத்த தலைமுறையின் மூளைகள் இவை. எந்த விதியை எப்படி ஏமாற்றலாம் என்பதை மேசையிலேயே சொல்லிவிடக்கூடியவர்கள்.

வெளிவந்த தொகுப்பில் எலும்பாக நிற்பவை ஐந்து. கோலின் நடுவிலிருந்து 40 மீட்டர் ஆரத்தில் ஒரு வில்கோடு. அதற்கு வெளியிலிருந்து குறுக்குக் கம்பத்துக்கு மேல் அடித்தால் இரண்டு புள்ளி. கிக்-அவுட் அதே வில்லைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு அணியும் எந்நேரமும் குறைந்தது மூன்று களவீரர்களை எதிரணிப் பாதியில் வைத்திருக்க வேண்டும். தவறுக்கு ஆளானவர் உதைக்குக் காத்திருக்காமல் உடனே ஒரு சோலோ போட்டு ஓடலாம், நாலு மீட்டருக்குள் யாரும் தடுக்கக் கூடாது. நடுவரிடம் வாய்கொடுத்தாலோ பந்தைத் திருப்பிக் கொடுக்காமல் இழுத்தடித்தாலோ உதை 50 மீட்டர் முன்னால் போகும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை சில்லறை. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விதத்தில்தான் வேலை. வில்கோட்டுக்கு வெளியே இரண்டு புள்ளி கிடைத்தால், தடுப்பு மதில் கோலடியில் நிற்க முடியாது, வெளியே வந்தாக வேண்டும். மூவர் மறுபாதியில் நிற்பதால் மதிலில் மூன்று செங்கல் ஏற்கெனவே குறைவு. விரிசல் விழுந்ததும் ஆளைப் பிடித்துத் தள்ளி ஆட்டத்தை நிறுத்தும் பழைய தந்திரம், சோலோ விதியால் பலிக்காது. கிக்-அவுட்டைக் குட்டையாக உதைக்க வழியே இல்லை. 2016-இல் இடிக்காமல் விட்ட சுவர் இடிந்தது, பந்து மறுபடி வானத்தில்.

கொண்டுபோன முறையும் கவனிக்க வேண்டியது. குழு முதலில் கோலுக்கு நாலு புள்ளி என்று வைத்திருந்தது. அக்டோபர் 18, 19 தேதிகளில் குரோக் பார்க்கில் நான்கு மாகாண அணிகளை இறக்கி ரசிகர்கள் முன்னிலையில் ஆடிப் பார்த்தார்கள். பார்த்தபின் நாலு புள்ளிக் கோலைத் தாங்களே கைவிட்டார்கள். நவம்பர் 30-ஆம் தேதி சிறப்புப் பேரவையில் தீர்மானங்கள் பெரும் பெரும்பான்மையில் தேறின. ஆனால் 2025-ஆம் ஆண்டுக்கு மட்டும் என்று. பிடிக்காவிட்டால் ஓராண்டில் பழைய ஆட்டம் திரும்பிவிடும் என்ற உறுதி, தயங்கியவர்களையும் கை தூக்க வைத்தது. நடுவில் தைத்துக்கொள்ளவும் இடம் வைத்திருந்தார்கள். அந்த இடம் சீக்கிரமே தேவைப்பட்டது.

ஓட்டை தெரிந்தது லீக்கில்தான். கணக்கு இது: 14 களவீரரில் மூவர் முன்னால் நிற்க வேண்டும் என்றால் தடுப்பதற்கு 11 களவீரர், கோல்கீப்பர் தனி. தாக்கும் அணியும் மூவரைத் தன் பாதியில் விட்டுவிட்டு 11 பேரோடு வரும். சமன். இப்போது தாக்கும் அணியின் கோல்கீப்பரும் நடுக்கோட்டைத் தாண்டி ஓடிவந்தால்? 12-க்கு 11. எப்போதும் ஒருவர் காலியாக நிற்பார், பந்தை அவரிடம் கொடுத்து வாங்கிக்கொண்டே சுற்றலாம், பறிக்கவே முடியாது. மொனஹனின் ரோரி பெகன் மாதிரி கால் நீளமான கோல்கீப்பர் என்றால் வில்லுக்கு வெளியிலிருந்து அவரே இரண்டு புள்ளியும் அடிப்பார். ஒழிக்க நினைத்த பக்கவாட்டு ஆட்டம் வேறு வேடத்தில் வந்து நின்றது. லீக் நடுவிலேயே விதியைத் திருத்தினார்கள்: கோல்கீப்பரையும் சேர்த்து நாலு பேர் எப்போதும் சொந்தப் பாதியில் இருக்க வேண்டும். கோல்கீப்பர் மேலே போகட்டும், பதிலுக்கு ஒருவர் பின்னால் நிற்க வேண்டும்.

தீராத குறைகளும் உண்டு. பிப்ரவரிக் காற்று முதுகுக்குப் பின்னால் வீசும் பாதியில் இரண்டு புள்ளி அடிப்பது எளிது, எதிர்க்காற்றுப் பாதியில் அசாத்தியம், இதனால் டாஸ் வென்றவருக்கே சாதகம் என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. இதைவிடக் கனமானது கிளப் அளவிலான சிக்கல். குரோக் பார்க்கில் மூவர் விதியைக் கவனிக்கப் பயிற்சி பெற்ற கோட்டு நடுவர்கள் இருக்கிறார்கள். கிராமத்து மைதானத்தில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஆடும் கிளப்பைச் சேர்ந்தவரே. பந்து இந்தக் கோடியில் இருக்கும்போது அந்தப் பாதியில் மூன்று பேரா, இரண்டு பேரா என்று யார் எண்ணுவது? மீறினால் 20 மீட்டர் கோட்டில் ஃப்ரீ கிக், வேண்டுமானால் அதை வில்லுக்கு வெளியே எடுத்துப்போய் இரண்டு புள்ளிக்கு முயலலாம். இவ்வளவு பெரிய தண்டனை, எண்ணிக்கைப் பிழையில் விழக் கூடாது.

இரண்டு இறுதிப் போட்டிகள்

பழைய விதிகளின் கடைசி அகில அயர்லாந்து இறுதி 2024 ஜூலை 28. அர்மா 1-11, கால்வே 0-13. ஒரே ஒரு கோல், அதை அடித்தது தடுப்பு வீரர் ஆரன் மெக்கே. 22 ஆண்டுக்குப் பின் அர்மாவுக்கு இரண்டாவது பட்டம். கோச், 2002-இன் கேப்டன் மெக்கீனி. சாம் மக்வயர் கோப்பையைக் கேப்டன் ஏடன் ஃபார்க்கரிடம் கொடுக்க வேண்டியவர் சங்கத் தலைவர், அதாவது பர்ன்ஸ். அந்த அணியில் அவர் மகன் ஜார்லி ஓக் பர்ன்ஸும் இருந்தார். தன் காலத்தில் கைக்கு எட்டாத கோப்பையைத் தானே எடுத்துக் கொடுக்க நேர்ந்ததைப் பற்றி நாம் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கு உதவும் ஒன்றைச் சொல்லலாம்: அவர் கவுன்ட்டி பட்டம் வென்றதே, அவர் அமைத்த குழு அப்போது கலைத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆட்டத்தில்தான். வென்றவர்கள் பழைய விதியே போதும் என்று சொல்வது இயல்பு. குழுவின் வேலை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகவில்லை.

அடுத்த ஆண்டு 2025 ஜூலை 27, அதே மைதானம். கெர்ரி 1-26, டோனகால் 0-19. முந்தைய இறுதியில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்தது 27 புள்ளி, இதில் 48. இரண்டு புள்ளி உதைகள் கணக்கை ஊதிப் பெருக்கிக் காட்டும் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்கோர் பலகையைவிடக் கிக்-அவுட்டைப் பார்ப்பதே நல்லது. தோற்ற டோனகாலின் கோச் அதே மெக்கினஸ், 2011-இன் மதிலைக் கட்டியவர். அவர் அணிக்கு ஆட ஓய்விலிருந்து திரும்பிவந்திருந்தார் மைக்கேல் மர்ஃபி, விதியை எழுதிய குழுவின் உறுப்பினர். தாங்களே எழுதிய ஆட்டத்தை மைதானத்தில் இறங்கி ஆடிப் பார்க்க இவரைப்போல வாய்ப்புக் கிடைத்தவர் அபூர்வம்.

2025 அக்டோபர் 4-இல் கூடிய சிறப்புப் பேரவை விதிகளை நிரந்தரமாக்கியது. பர்ன்ஸின் பதவிக்காலம் 2027 பிப்ரவரி வரை. அவர் மேசையில் இருக்கும் மற்றவை இவ்வளவு சுலபமாகச் சோதனை ஓட்டத்துக்கு அடங்காதவை. பெல்ஃபாஸ்டின் கேஸ்மென்ட் பார்க் மைதானம் 2013-இல் மூடியது, ஐரோப்பிய சாக்கர் போட்டியான யூரோ 2028 ஆட்டங்களுக்காகக் கட்டித் தருவதாகச் சொன்ன திட்டமும் 2024-இல் கைநழுவியது. 2025 ஜூனில் பிரிட்டிஷ் அரசு 5 கோடி பவுண்ட் ஒதுக்கியது, கட்டி முடிக்க அது போதாது. மகளிர் கால்பந்துச் சங்கமும் கமோகி (மகளிர் மட்டையால் ஆடும் ஆட்டம்) சங்கமும் கேலிக் சங்கத்தோடு ஒரே அமைப்பாக இணைய 2027 என்று இலக்கு வைத்து, முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் தலைமையில் பேச்சு நடக்கிறது. கிளப்புகளும் கவுன்ட்டிகளும் கோச்களுக்கு மேசைக்கடியில் கொடுக்கும் பணம் என்ன ஆகும் என்பது இன்னும் முடிவாகாத கேள்வி. ஊதியமில்லா ஆட்டம் என்று சொல்லிக்கொள்ளும் சங்கத்தில் அதைப் பேசவே யாரும் விரும்புவதில்லை. 40 மீட்டர் கயிறைக் கோல் நடுவில் முளையடித்துக் கட்டி, மறுமுனையில் சுண்ணாம்பு வண்டியைப் பிடித்து வில்கோடு போடுவது மட்டும் இப்போது ஒவ்வொரு கிளப்பிலும் சனிக்கிழமைக் காலை வேலையாகிவிட்டது.